பெட்டியைத் தூக்கினால் சுட முடியாது

"ப்பா, அந்த கேம்ல யாரையும் சுடாம விளையாட முடியுமா?"

என் மகன் இதைக் கேட்டபோது நான் கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான மேருவில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறேன். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கும், சப்பாத்து லேசில் வராது. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். கேலிக்குக் கேட்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பிள்ளைகளே, அது என்ன விளையாட்டு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தேடிப் போவீர்கள், உங்கள் அம்மா என்னைத் திட்டுவார். கணினியில் விளையாடுவது. திரையில் உங்கள் முகம் தெரியாது. இரண்டு கையும் துப்பாக்கிக் குழாயும் மட்டும் தெரியும். நீங்களே அங்கே நிற்பதுபோல் இருக்கும். சுடுவதற்கென்றே செய்த விளையாட்டு. இதுவரை ஐந்து பாகங்கள் வந்திருக்கின்றன. முதல் பாகம் நான் பையனாக இருந்தபோது வந்தது. ஐந்தாவதை என் மகன் விளையாடுகிறான்.

அதில் சுடாமல் விளையாட முடியுமா என்று கேட்பது, கால் படாமல் பந்து விளையாட முடியுமா என்று கேட்பது மாதிரி. ஆனால் அவனுக்குக் காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் அவனுக்குக் கொசுக்கடியால் டிங்கி காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தான். ரத்தத்தில் இருக்க வேண்டிய அணுக்கள் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போயின. காலையில் டாக்டர் ஒரு எண் சொல்வார், மாலையில் அதைவிடச் சின்ன எண் சொல்வார். நான்காம் நாள் என் மனைவி அங்கேயே, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பான் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தான். ஆகவே அந்த வருடம் நாற்பத்தெட்டு நாள் விரதம். சைவச் சாப்பாடு, இரண்டு வேளைக் குளியல், பாயில் படுக்கை, கெட்ட வார்த்தை கூடாது, எந்த உயிரையும் கொல்லக் கூடாது. அவனோடு நானும் விரதம் இருந்தேன். அவனுக்குப் பதின்மூன்று வயது. நான் சில விஷயங்களில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன், அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். குளியலறையில் கரப்பான்பூச்சி வந்தால் அட்டையில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுவான்.

அந்த நாற்பத்தெட்டு நாளுக்கு நடுவில்தான் போட்டி வந்தது. தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு விளையாட்டுக் கடை, மாடியில் இருக்கிறது. அங்கே நான்கு பேர் கொண்ட குழுக்களுக்குப் போட்டி. எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் என் மகனும் ஒருவன்.

நாங்கள் ரவாங்கிலிருந்து கிள்ளானுக்கு மாறி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்த பிறகு அவன் பேசுவதையே குறைத்துவிட்டான். பள்ளி விட்டு வந்தால் அறைக்குள் போவான், சாப்பிட வருவான், திரும்பப் போவான். என்ன கேட்டாலும் "ம்" என்பான். இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் வீட்டில் அவன் குரல் கேட்கத் தொடங்கியது. போட்டியில் விளையாடாவிட்டால் அவன் இடத்துக்கு மேருவில் ஒரு பையன் தயாராக இருந்தான். குழுத் தலைவி அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

தலைவி என்றால் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுப் பெண், வயது பதினான்கு. அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். அவளுக்கு விரதம் புரியாது என்று நான் நினைத்தேன். அவள் வாசலில் நின்று எனக்கே வகுப்பு எடுத்தாள். "நாங்க நோம்பு வச்சுக்கிட்டேதான் விளையாடுவோம் அங்கிள். அது வெறும் படம்லா" என்றாள்.

நானும் அன்று இரவுச் சாப்பாட்டில் அவனிடம் அதையே சொன்னேன், அது வெறும் படம்தானே என்று. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "படம்தான்ப்பா. ஆனா சுடணும்னு நினைக்கிறது நான்தானே."

நான் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரைதான் படித்தவன். ஆனால் அந்த விளையாட்டு எனக்குத் தெரியும். போட்டியில் எந்தப் பாகம் விளையாடுவது என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் சீட்டுப் போட்டு எடுப்பார்களாம். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே போக வேண்டும். சரி, ஐந்து பாகத்தையும் நான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், சுடாத வேலை எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறேன் என்றேன். பழைய பாகங்களை இப்போது ஒரே கட்டாக விற்கிறார்கள். வாங்கி அவன் கணினியில் போட்டோம். போட்டிக்குப் பதினொரு நாள் இருந்தது.

முதல் பாகத்தை நான் ரவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைபர் கபேயில் விளையாடியிருக்கிறேன். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். சுவரெல்லாம் கட்டம் கட்டமாக, செங்கல்லை எண்ணலாம். ஆனால் அப்போது அந்த இருட்டு வழியில் நடக்கும்போது என் முதுகு வேர்க்கும். அதில் நீங்கள் தனி ஆள்; போட்டியில் நான்கு பேரும் தனித்தனியாக ஆடி, எடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்களாம். அறையில் இருக்கும் எல்லாரையும் சுட்டு முடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும். ஒருவனை விட்டுவைத்தாலும் திறக்காது. நான் ஒரு மணி நேரம் சுடாமல் ஒளிந்து ஒளிந்து பார்த்தேன். கதவு அப்படியே நின்றது. முதல் பாகம் விழுந்தால் அவனுக்கு வழியே இல்லை.

இரண்டாம் பாகம்தான் எனக்குப் பிடித்தது. அதில்தான் குழுவாக விளையாடுவது வந்தது. மருத்துவர் வேலையும் இருந்தது. அடிபட்டு விழுந்த கூட்டாளியிடம் ஓடிப்போய் ஊசி போட்டால் எழுந்துகொள்வான். உங்கள் குண்டு உங்கள் கூட்டாளி மேல் பட்டால் அவனுக்கும் வலிக்கும். அதனால் சுடுவதற்கு முன்னால் யாரும் ஒரு தடவை யோசிப்பார்கள். என் கை மெதுவானது என்பதால் என்னை எப்போதும் மருத்துவராகத்தான் வைப்பார்கள். இது விழுந்தால் கவலை இல்லை என்று மகனிடம் சொன்னேன். அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டான்.

மூன்றாவதில் பாலம் கட்டுகிறவன், கம்பி வெட்டுகிறவன் என்று வேலைகள் இருந்தன. சமாளிக்கலாம். ஐந்தாவதில் மருத்துவர் உண்டு. ஆனால் சுட்டவனுக்குத்தான் மதிப்பெண், காப்பாற்றியவனுக்குச் சுழியம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் விளையாடலாம்.

பிரச்சினை நான்காவது பாகம்தான். அழகில் ஐந்தாவதையும் மிஞ்சும். தண்ணீரில் வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் அதில் மருத்துவரையே எடுத்துவிட்டார்கள். அடிபட்டால் ஒரு சுவருக்குப் பின்னால் போய் ஐந்து மூச்சு விட்டால் காயம் தானாக ஆறிவிடும். யாருக்கும் யாரும் தேவையில்லை. எல்லார் கையிலும் துப்பாக்கி, எல்லாருக்கும் ஒரே வேலை. ஆறு நாள் அதையே போட்டுப் பார்த்தேன். வேலைக்குப் போய் வந்து, குளித்து, சாமி கும்பிட்டு, திரும்ப அதன் முன்னால் உட்காருவேன். கண் எரியும், தலை சுற்றும். மகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

ஏழாம் நாள்தான் பெட்டியைக் கவனித்தேன்.

இரண்டாம் பாகத்திலிருந்தே ஒரு ஆட்டம் உண்டு, போட்டியிலும் அதைத்தான் வைப்பார்கள். நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அதை எடுத்துப்போய் ஓர் இடத்தில் சேர்த்தால் அந்தச் சுற்று உங்களுக்கு. பழைய பாகங்களில் பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் சுடலாம். நான்காம் பாகத்தில் பெட்டியைத் தூக்கினால் இரண்டு கையும் பெட்டிக்குப் போய்விடும். துப்பாக்கி முதுகுக்குப் போய்விடும். கீழே போடுகிறவரை சுட முடியாது. அதனால் யாரும் தூக்க விரும்ப மாட்டார்கள், ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவார்கள்.

மகனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். உடனே செருப்புகூடப் போடாமல் கடைசி வீட்டுக்கு ஓடினான்.

தலைவி வந்தாள், பார்த்தாள், கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். மற்ற குழுக்களில் யார் தூக்குவது என்று சண்டை போடும் நேரத்தில் நமக்கு ஒருத்தன் எப்போதும் தயாராக இருப்பான் என்று அவள்தான் கணக்குப் போட்டாள். பிறகு அவனிடம், "டேய், தூக்குனா தூக்குனதுதான். நடுவுல பயந்து கீழ போட்ட, உன்னை நானே சுட்டுருவேன்" என்றாள். அவன் சிரித்தான்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில். என் காரில் நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். மகன் நெற்றியில் திருநீறு. கையை மடியில் வைத்து விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டே வந்தான்.

எதிர்க் குழு ஷா ஆலம் பிள்ளைகள். இரண்டு மலாய்ப் பையன்கள், ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பையன். கடைக்காரத் தம்பி ஒரு டப்பாவை நீட்டினான். தலைவி கையை விட்டுச் சீட்டை எடுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான்கு.

பார்க்க வந்தவர்கள் நிற்பதற்குத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் நின்று நாம் எல்லாத் திரைகளையும் பார்க்கலாம். ஆனால் பேசக்கூடாது. கடைக்காரத் தம்பி மலாயில் அதைச் சொன்னான். நான் தலையாட்டினேன். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. முணுமுணுவென்று பேசிக்கொண்டே இருந்தேன். தமிழில்தானே பேசுகிறோம், எதிர்ப் பக்கத்தில் யாருக்குப் புரியப் போகிறது என்று எண்ணம். பிள்ளைகள் காதில் ஹெட்போன் வேறு இருந்தது. தம்பி ஒரு தடவை என்னைப் பார்த்து "boss" என்று வாயில் விரலை வைத்துக் காட்டினான். குரலைக் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான்.

இடம் ஒரு துறைமுகம். சரக்கு ஏற்றும் கொள்கலன்கள் அடுக்கடுக்காக நின்றன. நான் தினமும் வேலை செய்யும் இடம் மாதிரியே இருந்தது. பெட்டியைப் படகில் சேர்க்க வேண்டும். ஐந்து சுற்றில் மூன்று ஜெயிக்க வேண்டும். முதல் சுற்றில் என் மகன் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினான். மற்ற மூவரும் அவனைச் சுற்றி நடந்தார்கள். படகில் கொண்டுபோய் வைத்தான். இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவது நமக்கு. நான்காவது அவர்களுக்கு. இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவது சுற்றில் தலைவி முதலில் விழுந்தாள். பிறகு மற்ற இருவரும். எதிர்ப் பக்கத்திலும் மூன்று பேர் போய்விட்டார்கள். மிச்சம் அந்தச் சீனப் பையன் ஒருவன். நம் பக்கம் என் மகன் ஒருவன், கையில் பெட்டி. படகுக்கு இன்னும் பத்து அடிகூட இல்லை.

ஒரு நீலக் கொள்கலனின் ஓரத்தில் அவன் மெதுவாக வந்தான். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், எதிரி படகுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். துப்பாக்கியில் குண்டு மாற்றுகிறான். என் மகன் வந்தது அவனுக்குத் தெரியாது. அந்தக் கொள்கலனைச் சுற்றி இடப்பக்கமாகப் போனால் சத்தமில்லாமல் படகில் ஏறிவிடலாம். மகன் அப்படித்தான் திரும்பத் தொடங்கினான். அவனுக்கு வழி தெரிந்திருந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பதினொரு நாள் எந்தப் பாகத்தில் சுடாமல் தப்பலாம் என்று தேடியவன் நான். அந்த முதுகைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"நீ அவன் பின்னால நிக்கிறடா, கீழ போட்டுட்டு சுடு!" என்று கத்திவிட்டேன்.

மகன் நின்றுவிட்டான். திரையில் அவன் கைகள் பெட்டியோடு அப்படியே நின்றன. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அந்த நேரத்தில் நீலக் கொள்கலனுக்கு அந்தப் பக்கம் எதிரி சட்டென்று திரும்பினான். சரியாக என் மகன் நிற்கும் பக்கம். மூன்று குண்டு. பெட்டி கீழே உருண்டது.

எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. எதிர்ப் பக்கத்தில் அந்தச் சீனப் பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தான். நாடாவுக்குப் பக்கத்தில் வந்து என்னிடம், மரியாதையாகவே, "சொன்னதுக்கு நன்றி அங்கிள்" என்றான்.

தமிழில் சொன்னான். என் முகத்தைப் பார்த்து அவனே விளக்கமும் சொன்னான். அவன் அம்மா தமிழராம். அவன் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவனாம். ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் வைத்திருந்தானாம், நான் முதல் சுற்றிலிருந்து முணுமுணுத்ததெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். முகத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் செய்தேன்.

தலைவி என் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர், ஆனால் குரல் ஆடவில்லை. "அவன் போயிருப்பான் அங்கிள். நீங்கதான் நிறுத்திட்டீங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரத் தம்பியிடம் போய் அந்தச் சுற்றைத் திரும்ப வைக்க முடியுமா என்றும் கேட்டேன். கத்தியது எங்கள் ஆள், அதனால் முடிவு முடிவுதான் என்றான். சரியாகத்தான் சொன்னான்.

திரும்பி வரும் வழியில் மற்ற மூவரும் பின்னால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. என் மகன் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஷா ஆலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை இல்லை. பழைய மாதிரி வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போய்விடுவானோ என்று பயந்தேன். மேருவில் இருக்கும் அந்தப் பையனின் நினைப்பு வேறு.

பிறகு மெதுவாகச் சொன்னான். நான் கத்தியதும் பெட்டியைக் கீழே போடும் பொத்தானுக்கு அவன் விரல் போய்விட்டதாம். அழுத்தவில்லை. ஆனால் சுட வேண்டும் என்று நினைத்தானாம். "அப்ப விரதம் போச்சாப்பா?"

"சுடச் சொன்னது நான்டா. போயிருந்தா என்னோடதுதான் போயிருக்கணும்" என்றேன்.

அவன் அதை யோசித்தான். ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். கீழே போட்டாயா? இல்லை என்றான். அப்புறம் என்ன, போய்க் குளி என்றார். அவன் முகம் அங்கேயே கொஞ்சம் இளகியது. என்னிடம் மனைவி எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை விளக்கு முன்னால் நான் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன்.

இரண்டு நாள் தலைவியிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருப்பான். நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பார்ப்பான். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் செய்தி வந்தது. அவனே என்னிடம் நீட்டினான். அடுத்த ஞாயிறு இரண்டாவது வாய்ப்பு. பெட்டி அவனுக்குத்தான். கடைசி வரியில், அங்கிள் காரை ஓட்டலாம், மாடிக்கு வரக்கூடாது என்று இருந்தது.

அந்த ஞாயிறு நான் கீழே ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணீர் வாங்கி உட்கார்ந்தேன். மேலே எந்தப் பாகம் விழுந்தது என்று தெரியாது. ஒரு தடவை ஓவென்று சத்தம் கேட்டது. யார் பக்கத்துச் சத்தம் என்று தெரியாது. தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. முக்கால் மணி நேரம் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் குரல்தான் இறங்கி வந்தது. தலைவி கத்திக்கொண்டு வந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக முன்னால் ஓடினால் யார் காப்பாற்றுவது என்று. தோற்றுவிட்டார்கள் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. அவள் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் என் மகன். ரவாங்கை விட்டு வந்ததிலிருந்து அவன் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"நீ பின்னால நின்னு வேடிக்க பார்த்தா நான் என்ன செய்ய?" என்று அவன் சொல்லிக்கொண்டே இறங்கினான்.

"அடுத்த தடவ உனக்குப் பெட்டி கிடையாது, போ."

"வேற யாரு தூக்குவா? சொல்லு பார்ப்போம்."

அவள் மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருத்தன் கடைப் பலகையைப் படித்தான், இன்னொருத்தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எழுந்துபோய்க் கார் கதவைத் திறந்து வைத்தேன்.